இரண்டாம் வாக்கெடுப்பு

வட்டமாக உட்காரவைக்கச் சொல்கிறது பயிற்சிக் கையேடு.
எங்கள் பெஞ்சுகளோ
தரையோடு சிமென்ட் வைத்துப் பூசப்பட்டவை.
அதனால் ஒற்றைப்படை வரிசைகள் மட்டும்
பின்னால் திரும்பி
சாய்மானத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தன.
அறுபத்து மூன்று பேர்.
தேவனாம்பட்டினத்துக் கடல்காற்றில்
நமுத்துப்போன சாக்பீஸ்
பாதிப் படகுதான் வரைந்தது.

மீதியை வாயால் சொன்னேன்:
ஒரு குளம். அதில் ஒரு படகு.
படகுக்குள் இரும்பு நங்கூரம்.
எடுத்துத் தண்ணீரில் போடுகிறோம்,
அடியில் போய் உட்காருகிறது.
குளத்தின் மட்டம்
ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா?

ஏறினால் ஒரு விரல், இறங்கினால் இரண்டு,
மாறாவிட்டால் மூன்று.
நெஞ்சோடு ஒட்டிக் காட்டுங்கள்,
பக்கத்தில் எட்டிப் பார்க்க வேண்டாம்.

பிறகு காத்திருந்தேன்.
இதுதான் கஷ்டம்.
பதினோரு வருஷமாய்
கேள்வி கேட்ட மூச்சிலேயே
பதிலையும் சொல்லிப் பழகிய வாய்.
ஏப்ரலில் முடிந்து ஜூனில் புதுப்பிக்கும் வேலை எனக்கு,
பேசாத நிமிஷம்
திருடிய நிமிஷம் போல உறுத்துகிறது.
ஒன்பது எண்ணும்போது யாரோ இருமினார்கள்.
பதினான்கில் விரல்கள் வந்தன.

இருபத்தாறு பேர் இரண்டு விரல்.
சரி, இப்போது பக்கத்தில் இருப்பவரை
ஒப்புக்கொள்ள வையுங்கள் என்றேன்.
திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையம்
வகுப்புக்குள் வந்தது.
லூர்துஜெனி பேனா மூடியைப் படகாக்கினாள்.
முதல் பெஞ்ச் தில்லைக்கரசி,
“ஆன்சர் எந்தப் பக்கம் மிஸ்?”
துறைத்தலைவர் தலையை நீட்டினார்:
“கிளாஸ்ல யாரும் இல்லையோன்னு நினைச்சேன்.”
இருக்கிறேன் சார்,
நாலாவது பெஞ்சுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில்.

அப்போதுதான் தாழங்குடா சுகந்தன் எழுந்தான்.
“எங்க வீட்ல போட் இருக்கு. ஏறும்.”
அவ்வளவுதான்.
படம் போட்ட நோட்டுகள் மூடிக்கொண்டன.
போட் வைத்திருக்கிற பையனோடு
யார் வாதாடுவது?

இரண்டாம் வாக்கெடுப்பு.
கையேட்டின்படி சரியான விடை
இந்நேரம் பெருகியிருக்க வேண்டும்.
இருபத்தாறு, ஒன்பதாகியிருந்தது.
அந்த ஒன்பதில் ரிஸ்வானா.
விரல்கள் நடுங்கின, மடங்கவில்லை.

மணி அடித்தது.
விடையைச் சொல்லவில்லை.
“நோட்ஸ் குடுத்துடுங்க மிஸ், செமஸ்டர் வருது”
என்றது கடைசி வரிசை.
நியாயம்தான். இரண்டரை யூனிட் பாக்கி.
மஞ்சக்குப்பம் வரை நடந்தே போனேன்,
டெபாசிட் போன வேட்பாளரின் ஏஜென்ட் மாதிரி.

இரவு பத்து நாற்பதுக்கு ஒரு வீடியோ.
சுகந்தன்.
பச்சை பிளாஸ்டிக் வாளி,
மிதக்கும் டிபன் பாக்ஸ், அதற்குள்
கொல்லைக் கதவின் பூட்டு.
தண்ணீர் மட்டத்தில் ஸ்கெட்ச் பேனாக் கோடு.
ஒரு கை வருகிறது,
பூட்டை எடுத்துத் தண்ணீரில் விடுகிறது.
“தண்ணிய ஏண்டா அளைஞ்சிட்டிருக்க?”
கேமராவுக்கு வெளியே ஒரு பெண்குரல்.
படம் கோட்டை நெருங்கி
மங்கி, ஆடி, தெளிகிறது.
கோட்டுக்குக் கீழே
ஒரு நூல் கீழே
தண்ணீர்.

அதற்கடியில் ஒரே சொல்:
ஏன்

கேள்விக்குறிகூட இல்லை.

மிதக்கும்போது தன் எடையளவு,
மூழ்கினால் தன் பருமனளவு மட்டும், என்று
ஆறு வரி அடித்துவிட்டேன்.
கட்டைவிரலுக்கும் பதினோரு வருஷப் பழக்கம்.
அழித்தேன்.
ரிஸ்வானாவைக் கேள் என்று அடித்து
அதையும் அழித்தேன்.
கடைசியில் அனுப்பியது:
படகில் இருக்கும்போது
நங்கூரத்தின் கனத்தைத் தாங்குவது யார்?

டிக் இரண்டும் நீலமாயின.
‘டைப் செய்கிறார்’ என்று வந்தது.
நின்றது. மறுபடி வந்தது.
பதினான்கைத் தாண்டி
நாற்பது வரை எண்ணினேன்.
கொசுவத்தி அணைந்துபோயிருந்தது,
எழுந்து ஏற்ற மனமில்லை.