கழற்ற ஆகும் நேரம்

விலைப்பட்டியலில் முதலில் வருவது பஞ்சு.
ஐந்து காசு. நனைந்தால் நாறும் என்று
ஓரத்தில் உர்மாஸ் தன் கையால் எழுதியிருக்கிறான்.
அடுத்தது தோல். நான் எப்போதும் தோல்தான்,
திருடி நடக்கும் சத்தம் கேட்கக் கூடாது.
பிறகு வளையச் சட்டை:
சில்லறை நிறைந்த பைபோல் கலகலக்கும்,
எந்தக் காவலாளியும் தூங்கமாட்டான்.
செதில் கவசம், பட்டைக் கவசம்,
எல்லாவற்றுக்கும் அடியில்
தகட்டுக் கவசம். இரண்டாயிரம்.

அந்த ஒரு வரியை ஒன்பது மாதமாக
ரிஹோ பென்சிலால் சுற்றிச் சுற்றி
தாளில் ஓட்டையே விழுந்துவிட்டது.

தார்த்து நகரம், ஐந்தாம் மாடி, பிப்ரவரி.
வெந்நீர்க் குழாயின்மேல் எங்கள் கையுறைகள் காய்கின்றன.
மேசையில் கறுப்பு ரொட்டி, புகைமீன்,
மார்யே கொண்டுவந்த உப்பு வெள்ளரி.
வெளியே ஆறு கல்லாய்க் கிடக்கிறது.
உர்மாஸின் வாயில் மட்டும் ஓடுகிறது:
"சேற்று நிறம். மறுகரை தெரியவில்லை. தெப்பம் சாய்கிறது."

இன்று மாலைதான் வாங்கினான் ரிஹோ.
பகலெல்லாம் லிஃப்ட் பழுதுபார்க்கிற கை,
எண்ணெய்க் கறை போகாத அந்த விரல்களால்
புதிய எண்ணை அழுத்தி எழுதினான்.
பதினெட்டு.
இனி பூதம் அடித்தாலும் அசையமாட்டேன் என்றான்.
இப்போது அசைகிறான்,
கீழ்நோக்கி.

மார்யே விதிப்புத்தகத்தைப் புரட்டுகிறாள்.
தோல் கழற்ற ஒரு நிமிடம்.
தகடு கழற்ற ஐந்து.
கேடயத்தை விட்டெறிய நேரமே ஆகாது.
ஒரு சுற்று ஆறு விநாடி,
ஐந்து நிமிடம் ஐம்பது சுற்று.
அவன் மூச்சு நான்கு சுற்று.
யாரும் கூட்டிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"முதுகில் கேடயம் இருக்கிறது" என்றான் ரிஹோ.

எது? அதுவா?
முதல் நாள் ஆட்டத்தில் ஓசியாய்க் கிடைத்த
லிண்டன் மரப் பலகை;
நடுவே அவனே ஒரு மத்தி மீன் வரைந்து,
மூன்று ஊர்ச் சந்தையில் விற்கப் பார்த்தும்
ஒருவரும் சீந்தாதது.
மார்யேவிடம் இருப்பது கதவுயரக் கேடயம்,
பின்னால் நின்றால் போரே தெரியாது.
என்னிடம் தட்டளவில் ஒன்று,
அதில் நான் ஒருமுறை ஆம்லெட் போட்டேன்.
மத்தி மீனைத்தான் சிரித்தோம்.

மரம் மிதக்குமா என்று புத்தகம் சொல்லவில்லை.
மிதக்கும் என்றேன். ஆளோடு மிதக்காது என்றான் உர்மாஸ்.
கத்தினோம். பக்கத்து வீட்டார் சுவரைத் தட்டினார்கள்.
கடைசியில் தீர்ப்பு:
கேடயம் அவனை இரண்டு சுற்று தாங்கும்,
அதற்குமேல் இல்லை.

என் முறை. தண்ணீருக்குள் கத்தியோடு போகிறேன்.
அப்போதுதான் பட்டது:
இரும்பை இரும்போடு கட்டியிருப்பது
தோல்வார்.
என் சட்டை எதுவோ அதே தோல்.
எட்டு இடத்தில் அறுத்தால் போதும்.
ஆனால் அறுத்த கவசம் ஆற்றுக்குத்தான்.

"அறுக்கவா?" என்று கேட்டேன்.

குழாயில் வெந்நீர் முனகியது.
ரிஹோ தாளிலிருந்த ஓட்டை வழியே
மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
உர்மாஸ் மணற்கடிகையைத் திருப்பி வைக்கவில்லை,
அது அவன் பெருந்தன்மை.

"அறு."

இருபது முகப் பகடை ரொட்டித் தூளில் உருண்டு
பதினான்கில் நின்றது. போதும்.

பதினெட்டை அழித்தான். பத்து என்று எழுதினான்.
ரப்பர் துகளை ஊதிவிட்டான்.
கரையேறியவனுக்கு ஈரச் சட்டையும்
ஒரு மீனும் மிச்சம்.

வெளியே மைனஸ் பத்தொன்பது.
வாசலில் நால்வரும் குனிந்து
பூட்ஸ், கம்பளி, கோட்டு, கழுத்துத்துணி என்று
பேசாமல் மாட்டிக்கொண்டோம்.

பாலத்தின் பாதியில் ரிஹோ நின்றான்.
உறைந்த ஆற்றைப் பார்த்தபடி,
"அந்த மத்திக்கு என்ன நிறம் அடித்தேன்?" என்றான்.

யாரும் குறித்து வைத்திருக்கவில்லை.