இணைப்பெயர்

என் பெயரில் ஒரு சிப்பி இருந்தது
நாற்பத்தோரு வருடம்.

உசூரியின் கிளையாறு ஒன்றில்
முழங்கால் நீரில் நின்று கிளெப் எடுத்தது.
மற்றவற்றைவிடக் கொஞ்சம் தட்டை,
முதுகு கொஞ்சம் தூக்கல்.
ஓட்டின் வளைவை மெல்லிய தாளில் வரைந்து
இன்னொன்றின் வளைவுமேல் வைத்து
சன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்.
பொருந்தவில்லை.
பொருந்தாததெல்லாம் புது இனம்,
அன்றைய சட்டம் அது.
நோன்னா என்பதன் பின்னால்
ஒரு லத்தீன் வாலை ஒட்டினான்.
எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம்.

அந்த இழுப்பறையில் இப்படி ஒன்பது பெயர்கள்.
சேற்றில் கிடந்தது தடித்திருக்கும்,
வேகநீரில் வளர்ந்தது மெலிந்திருக்கும்,
பனிக்கட்டி உரசும் கரையில்
உச்சி தேய்ந்து வெள்ளை தெரியும்.
ஆறு எழுதிய கையெழுத்தை
நாங்கள் குலம் என்று வாசித்தோம்.

பிரிந்த பிறகும் கட்டடம் மாறவில்லை.
விளாதிவஸ்தோக்கில் வேறெங்கே போக?
அவனுக்கு மூன்றாம் மாடி, ஓடுகள்.
எனக்கு நிலவறை, எலெக்ட்ரான் நுண்ணோக்கி.
வைரக் கத்தி சீவும் சீவல்கள் நீரில் மிதக்கும்:
வெள்ளி நிறமென்றால் சரி,
பொன் நிறமென்றால் தடிமன், தூக்கிப்போடு.

இந்த ஜூனில் ஒன்பது பெயர்களிலும்
ஆண்களைத் திறந்தோம்.
விந்தணு ஓடு பூணுவதில்லை.
வெள்ளம் அதை வளைக்காது.
சின்னத் தலை, அதன் அடியில்
வட்டம் கட்டிய மைட்டோகாண்ட்ரியா.
எண்ணினேன். ஐந்து.
அடுத்ததற்கும் ஐந்து.
ஒன்பதுக்கும் அதே தலை, அதே ஐந்து,
என்னுடையதற்கும்.

பிறகு, யாரும் சந்தேகிக்காத
'சாதாரணம்' என்ற பெட்டியில்,
அச்சு அசலாய் இருந்த இரண்டில்
ஒன்றுக்கு நான்கு.
நீண்ட தலை.
மறுபடி சீவினேன். நான்கேதான்.

அயூனா மரபணுவைப் படித்தாள்.
இந்தச் சிப்பிகளில் அப்பனுக்கும் ஒரு வரி உண்டு:
தாயின் மைட்டோகாண்ட்ரியா எல்லாப் பிள்ளைக்கும்,
தகப்பனுடையது மகன்களுக்கு மட்டும்.
இரண்டு வம்சாவளியையும்
தனித்தனியே விசாரித்தோம்.
பேசிவைத்துக்கொள்ளாத இரு சாட்சிகள்,
ஒரே வாக்குமூலம்.
ஒன்பது, ஒன்றாயிற்று.
ஒன்று, இரண்டாயிற்று.

நான்கு கொண்டதற்கு ஆற்றின் பெயரை வைக்கலாம் என்றாள்.
மனிதர் பெயர் வேண்டாம் என்றேன், சற்று வேகமாக.

பழைய பெயரை அழிக்க மாட்டார்கள்.
பட்டியலில், சமக்குறிக்குப் பின்னால்,
சிறிய எழுத்தில்
எப்போதும் இருப்பேன்.

படிகளேறிப் போய்ச் சொன்னேன்.
"எத்தனை?" என்றான்.
"ஐந்து."
கண்ணாடியைக் கழற்றினான்.
இழுப்பறையைத் திறந்து,
என்னைக் கையில் எடுத்து,
கட்டைவிரலால் முதுகைத் தடவினான்.

"அரை மில்லிமீட்டர்தான் தப்பியது.
சன்னலில் பிடித்தபோது
கை ஆடியிருக்கலாம்."

ஐந்து மாதம், இல்லையா என்றேன்.

ஆமாம் என்று
சீட்டின் ஓரத்தில் பென்சிலால்
ஒரு சமக்குறி போட்டான்.