உடைந்த ஊசிகளின் பதிவேடு

அறுபத்து நான்கு கேள்விகளோடு
காலை ஃபெர்ரியில் பட்டர்வொர்த் போய் இறங்கினேன்.
வயது குறைந்தவர் உண்டா? இல்லை.
வாசல் பூட்டப்படுமா? இல்லை.
சம்பளத்தில் பிடித்தம்? இல்லவே இல்லை.
எல்லாப் பதில்களும்
முந்தின நாளே இஸ்திரி போட்டு
மடித்து வைத்தவை.

பிறையில்
எங்கள் ஏழு கடைகளுக்கும்
பள்ளிச் சீருடை தைக்கும் ஆலை.
கழிவறைச் சுவரில் பெயிண்ட் இன்னும் காயவில்லை.
தீயணைப்பானில் தொங்கிய அட்டையில்
பன்னிரண்டு மாதமும்
ஒரே பேனா, ஒரே அவசரம்.
மேலாளர் ஊய் கிம் செங்
கறிபப் தந்தார்,
நேர அட்டைகளைக் கட்டாக எடுத்து வைத்தார்.
நூற்றுப் பன்னிரண்டு பேரும்
தினம் ஐந்தரைக்கே கிளம்பியிருக்கிறார்கள்,
ஒரு நிமிடம் முன்பின் இல்லை,
அடைமழை நாளிலும்.

நான் ஊசிப் புத்தகம் கேட்டேன்.

ஏதோ ஒரு பிள்ளையின் காலருக்குள்
உடைந்த முனை தங்கிவிடக் கூடாதென்று
நாங்களே கட்டாயமாக்கிய புத்தகம்.
துண்டுகளைப் பொறுக்கி டேப்பில் ஒட்டி
தேதி, நேரம், மெஷின் எண், கையெழுத்து.
அதில் பொய் எழுத
யாருக்கும் தோன்றவில்லை.

நவம்பர் 19, இரவு 11.40, மெஷின் 17, தில்குமாரி.
நவம்பர் 20, இரவு 12.15, மெஷின் 17, தில்குமாரி.
நவம்பர் 22, ஞாயிறு.
ஞாயிறும்.
கொடியில் துணி காயப்போட்டது மாதிரி
மேல்கோட்டில் தொங்கும் நேபாளி எழுத்து,
பக்கம் புரளப் புரள
கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்திருந்தது.

ஊய் வாதாடவில்லை.
கைப்பேசியை என் பக்கம் திருப்பினார்.
‘அவசரம். இன்னும் நாலாயிரம் சட்டை.
தேதி மாறாது. விலையும் மாறாது.’
கீழே
புஷ்பலீலா, கொள்முதல் பிரிவு.
பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை.

அறுபத்து நான்கில்
ஒரு கேள்விகூட
என்னைப் பார்த்து எழுதப்பட்டதில்லை.

‘அது நம்ம ஆலை இல்லையே’ என்றார்
முதலாளி சிக்கந்தர்.
‘நம்ம சட்டை’ என்றேன்.
மின்விசிறி சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
ஒரு வாரம் கழித்து
அவராகவே கூப்பிட்டார்:
ஜூலையிலேயே ஆர்டர்.
முன்பணம் மூன்றில் ஒரு பங்கு.
ஆகஸ்டுக்குப் பிறகு
ஒரு பொத்தானைக்கூட மாற்றச் சொல்லக் கூடாது,
நானே சொன்னாலும்.

தில்குமாரியை மதிய இடைவேளையில் பார்த்தேன்.
‘ஓ.டி. போயிடுச்சு, காக்.
வீட்டுக்கு எதை அனுப்புவேன்?’
உருப்படிக்கு முப்பது சென் கூட்டியதைச் சொன்னேன்.
விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தாள்.
‘இன்னும் நாற்பது ரிங்கிட் இடிக்குது.’
எழுதிக்கொண்டேன்.
எழுதிக்கொண்டதோடு சரி, இன்றுவரை.

ஆலைக்குப் பின்னால் ஒரு வாய்க்கால்.
அந்த நீலம் எனக்குத் தெரியும்:
எங்கள் பினஃபோரின் நீலம்,
நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
‘இதுதான்’ என்று கையெழுத்திட்ட நீலம்.
சாயப்பட்டறை வேறெங்கோ மேலே இருக்கிறது.
அதன் முகவரி கிடைக்கவே
நான்கு மாதம் ஆயிற்று.
வாய்க்கால் இன்னும் நீலம்தான்.

டிசம்பர்.
ஜார்ஜ்டவுன் கடையில் ஒரு தகப்பன்
விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்கிறார்.
‘போன வருசத்தைவிட ஒண்ணு எண்பது கூட.
துணி மாறியிருக்கா?’
கல்லாப் பெண் என்னைப் பார்க்கிறாள்.
துணி மாறவில்லை.
அவர் மூன்றில் ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டு
இரண்டுக்குப் பணம் கட்டுகிறார்.
அவரிடம் ஓடிப்போய்ச் சொல்லலாம்,
எதை?

மாலை, ஆலையிலிருந்து
ஊசிப் புத்தகத்தின் படங்கள் வருகின்றன.
பிற்பகல் 3.10.
காலை 10.25.
பிற்பகல் 4.50.
கோட்டில் நேராகத் தொங்கும் எழுத்து.
கடைசி வரியில்
இரவு 8.05.

ஊய்யின் எண்ணைத் தேடினேன்.
தேடிவிட்டு நிறுத்தினேன்.
முதலில்
நான் அனுப்பிய அஞ்சல்களைத் திறந்தேன்.