சாயங்காலத் தண்ணி

மோயாறு நேராக வரத் தெரியாத ஆறு.
வரைபடத்தில் விரல் வைத்து அதன்மேலேயே இழுத்துப் போனால்
பவானிசாகர் சேர்வதற்குள்
விரல் ஏழு தடவை வந்த திசையைத் திரும்பிப் பார்க்கும்.
ஏழாவது வளைவில், கூழாங்கல் மேட்டில்,
எனக்கு மீன் எண்ணும் வேலை.
நாள் கூலி ஐந்நூற்றுப் பத்து.
ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி,
இடது காலில் ஓட்டை.

பயிற்சி வகுப்பில் படம் போட்டார்கள்.
எங்கோ வடக்கே பனி உருகி வளைந்தோடும் ஆறு.
சால்மன் என்று ஒரு மீன்
கடலை விட்டுப் பிறந்த கல்லை மோந்து மோந்து
அருவியில் துள்ளி ஏறுகிறது.
மேலே கரடி வாயைத் திறந்து நிற்கிறது.
வகுப்பே கை தட்டியது.
எங்கள் கரையிலும் கரடி உண்டு,
அது கறையான் புற்றைப் பார்த்துப் போய்விடும்.
பூமீன்கெண்டை ஏறுவதை
நானும் பரிசல்கார நஞ்சனும்தான் பார்க்கிறோம்.

நஞ்சன் கைக்கடிகாரம் கட்டுவதில்லை.
பரிசலின் அடிவயிற்றைத் தண்ணீர் தட்டும்போது
"கோயமுத்தூர்ல லைட்டுப் போட்டுட்டாங்க" என்பார்.
மேலே மின்நிலையத்தில் மிஷின் சுற்றினால்
இங்கே ஒரு முழம் ஏறும்.
ஊர் தூங்கினால் இறங்கும்.
மீனுக்கு இதெல்லாம் தெரியாது.
ஏறின தண்ணியை மழை என்று நம்பி
மேட்டுக் கற்களின் ஊடால முட்டையிட்டுப் போகும்.
கம்பு மணி அளவு,
ஆவாரம்பூ நிறம்.

ஆடிப் பதினேழு ராத்திரி இட்டது.
காலையில் குனிந்து பார்த்தேன்,
கல்லுக்குக் கல் மஞ்சள்.
எண்ணூறுவரை எண்ணி விட்டுவிட்டேன்.
மழை ஏமாற்றிய வருஷம்.
ஈரம் பத்து மணிக்கே விளிம்பிலிருந்து சுருங்கியது.
சாயங்காலம் வரைக்கும் தாங்கினால் போதும்
என்று நினைத்தேன்.
நஞ்சன் தலையைச் சொறிந்தார்:
"இன்னைக்குப் பதினெட்டு நோம்பிங்க, அம்மிணி.
மில்லு, தறி எல்லாம் லீவு.
யாருக்குங்க கரண்டு வேணும்?"

யானைப்பாறை மேல் ஏறினால் சிக்னல் ஒரு கோடு கிடைக்கும்.
சோமனூரில் என் வீட்டுக்காரர் சென்னியப்பனுக்கு
எட்டுத் தறி.
"தறிய ஓட்டுங்க" என்றேன்.
"என்னது?"
"பக்கத்துப் பட்டறைக்காரங்களையும் ஓட்டச் சொல்லுங்க,
மோட்டார், கிரைண்டர், எது இருந்தாலும்."
"நோம்பியன்னிக்கு எவன் தறி ஓட்டுவான்?
நாங்க கூடுதுறைல குளிச்சுட்டு நிக்கறோம்.
ஆத்துல நல்லாத் தண்ணி.
நீயும் வந்திருக்கலாம்."
பின்னால் குலவைச் சத்தம்,
யாரோ காதோலை கருகமணி விடுகிறார்கள்.
கோடு மறைந்தது.

இறங்கி வந்து பூட்ஸைக் கழற்றினேன்.
வலது பூட்ஸில் மொண்டு மொண்டு ஊற்றினேன்.
ஊற்றின வேகத்தில்
முட்டைகள் கல்லைவிட்டு உருண்டன.
நஞ்சன் ஒன்றும் சொல்லவில்லை.
இடது பூட்ஸை நிரப்பி
துடுப்பில் கட்டி
மேட்டின்மேல் தொங்கவிட்டார்.
ஓட்டை வழியே சொட்டு, சொட்டு.
அப்புறம் அவர் சோத்துப் போசி,
அதன் அடியில் ஆணியால் ஒரு குத்து.
அப்புறம் என் தண்ணீர் பாட்டில்.
மத்தியானம் அவரும் நானும் மாறி மாறி
நிரப்பிக்கொண்டே இருந்தோம்.
ஒரு பாய் அகலத்துக்குக் கல் கறுப்பாகவே இருந்தது.
மீதி மேடு வெளுத்துவிட்டது,
அதைப் பற்றிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

பொழுதோட நாலு மயில் வந்து
வெளுத்த பக்கமாக மேய்ந்தன.
தண்ணி ஏறவில்லை.
கீழே ஊர் ஊராக
முளைப்பாரியை ஆற்றில் விட்டிருப்பார்கள்,
பெருகி வா என்று
கும்பிட்டிருப்பார்கள்.
நாங்கள் டார்ச் வெளிச்சத்தில்
பூட்ஸுக்கு மொண்டோம்.

மறுநாள் விடியும்முன்
பரிசல் தானாக அசைந்தது.
நஞ்சன் தூக்கத்திலேயே சொன்னார்,
"தறி ஓடுதுங்க."

பதிவேட்டில் ஒரு கட்டம்: 'பயன்படுத்திய கருவிகள்.'
பூட்ஸ், இடது, ஒன்று என்று எழுதினேன்.
பக்கத்தில் 'காரணம்' என்று இன்னொரு கட்டம்.
அதை இன்னும் நிரப்பவில்லை.