நடுக்கம்பி

"கெட்டிலைப் போட்டால்
படுக்கையறை விளக்கு கண்ணைக் குத்துகிறது"
என்றான் வெண்டல் கோஸ்கெலா,
இரவு இரண்டே காலுக்கு, தொலைபேசியில்.
குரலில் கேலி இல்லை.

தண்டர் பே. மைனஸ் முப்பத்தொன்று.
டிரக்கின் வாளியில் ஏறி நிற்கிறேன்,
இமைமயிர் ஒட்டிக்கொள்கிறது.
எதிரே கம்பத்தில் சாம்பல் நிற டிரான்ஸ்ஃபார்மர்,
உள்ளே எண்ணெயில் ஊறும் சுருள்,
முனைக்கு முனை இருநூற்று நாற்பது வோல்ட்.
அதன் சரிபாதியில் ஒரு கம்பியை ஒட்டி
மண்ணோடு கட்டியிருக்கிறோம்.
தந்திரம் அவ்வளவுதான்.

அலை ஒன்றே.
நடுவில் நின்று பார்ப்பதால்
ஒரு தட்டு ஏற, ஒரு தட்டு இறங்குகிறது,
நொடிக்கு அறுபது தடவை.
இந்தப் பக்கம் நூற்றிருபதில் கெட்டில்,
அந்தப் பக்கம் நூற்றிருபதில் விளக்கு, வானொலி, மீன்தொட்டி.
அடுப்பு மட்டும்
இரு முனையையும் கையில் பிடித்து முழுசாய்க் குடிக்கும்.

இரு பக்கமும் ஒரே அளவு இழுத்தால்
நடுக்கம்பி வெறுங்கையோடு வீடு திரும்பும்.
இல்லையென்றால் மிச்சத்தை மட்டும் சுமக்கும்.

"ஒன்று அறுபத்தொன்று! மற்றது நூற்று எண்பது!"
மீட்டரைப் பார்த்துக் கத்துகிறாள் ஜிஸ்லேன்.
அங்கேதான் இருக்கிறது:
காற்று ஆட்டி ஆட்டித் தளர்ந்த கவ்வி,
வெள்ளைப் பொடி பூத்து.
மண்ணில் அடித்த செப்புக்கோல் கைகொடுக்குமே என்பீர்கள்.
உறைந்த மண் யாருக்கும் காது கொடுப்பதில்லை.

நடுவர் போய்விட்டார். இப்போது
கெட்டிலும் விளக்கும் ஒரே வரிசையில் நின்று
இருநூற்று நாற்பதைப் பிய்த்துக்கொள்கின்றன.
கெட்டில் பெருந்தீனிக்காரன்,
ஆனால் இந்தப் பந்தியில் விதி தலைகீழ்:
அதிகம் கேட்பவனுக்குக் குறைவாக விழும்.
அது முனகுகிறது.
ஒல்லி விளக்கின் இலையில் மலைபோல் சோறு.
பாவம், தின்றே சாகும்.

கீழே பைஜாமாமேல் கோட்டு மாட்டிய வெண்டல்,
"அடுப்பு நன்றாகத்தானே எரிகிறது?" என்கிறான்.
அடுப்புக்கு என்ன தெரியும்,
அதற்கு நடுவில் யாரும் தேவைப்பட்டதே இல்லை.

நீளக்கோலால் ஃப்யூஸை இழுக்கிறேன். வீடு இருண்டது.
பழையதைச் சுரண்டி, பசை தடவி,
புதுக் கவ்வியை முறுக்கினேன்,
விரல்கள் இருக்கின்றனவா என்று பார்த்துப் பார்த்து.
ஃப்யூஸை மாட்டினேன்.

வானொலி போய்விட்டது. மீன்கள் பிழைத்தன,
நான்கில் மூன்று.
எங்களுக்காக அவன் கெட்டிலைப் போட்டான்.
மூவரும் பேசாமல்
படுக்கையறைக் கதவையே பார்த்திருந்தோம்.

விளக்கு கண்டுகொள்ளவில்லை.