நாற்பத்தோரு டிக்கெட்

சவர டப்பாவைக் கழுவ எடுத்தபோது
பிளேடு உறைக்கு அடியில் அகப்பட்டன.
எண்ணினேன், நாற்பத்தொன்று.
பாதி கிழிந்தவை, சில வேர்வையில் கூழானவை,
எல்லாம் ஒரே கொட்டகை, ஒரே பெஞ்சு.

லாசர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.
மூன்று டன் இரும்பைக்கூட
முட்டை வைப்பதுபோல் இறக்குவான் என்று
மேஸ்திரியே சொன்னதுண்டு.
அந்தக் கை போன வாரம்
குழம்புச் சட்டியை நழுவவிட்டது.

யார் அவள் என்று நான் கேட்கவில்லை.
சுவரிலேயே ஒட்டியிருக்கிறார்கள்:
கல்மண்டபம் முனையில், மூத்திரச் சந்துக்கு மேலே,
பத்தடி உயரம், ஒரு தோள் மட்டும் வெளிச்சத்தில்.
ஐப்பசி மழையில் பசை விட்டு
முகம் பாதி மடிந்து தொங்கியது.
மறுநாள் காலையில் யாரோ நிமிர்த்தி ஒட்டியிருந்தார்கள்.
எங்கள் வீட்டில்
மைதா மாவு குறைந்திருந்தது.

நாற்பத்திரண்டாவதை நான் வாங்கினேன்.
கூடையில் மிச்சமிருந்த காரப்பொடியை
பாதி விலைக்குத் தள்ளிவிட்டு,
எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துக்கொண்டு
மேட்னிக்குப் போனேன்.
"இன்னா பிலோமி, தனியாவா?" என்றார்
டிக்கெட் பொந்துக்குள்ளிருந்து மஸ்தான்.
"ஊட்டுக்காரரு ஒன்றரை மாசமா
உள்ளதான் கீறாரு."

காசிமேட்டு ஏலத்தில் கற்ற வசவு அத்தனையும்
மடியில் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

கதை பெரிதில்லை. ஒரு பேங்கு குமாஸ்தா.
மாடிவீட்டில் அவள்.
அவள் சிரித்தால் இவன் சாவியை எடுக்கிறான்,
சிரிக்காவிட்டால் பெட்டகத்தையே திறக்கிறான்.
அவனுக்கு ஒரு மனைவியும் உண்டு,
இரண்டு காட்சியில் பரிமாறி
மூன்றாவதில் அழுகிறாள். அவளுக்குப்
பெயர்கூட வைக்கவில்லை.
கூட்ஸ் வண்டி போகும்போதெல்லாம் கொட்டகை அதிர்ந்தது,
திரையில் அவளும் கொஞ்சம் அதிர்ந்தாள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம், மூன்றாவது பெஞ்சில்
லாசரின் தலை தெரிந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது,
கோயிலில் நன்மை வாங்க நிற்கிறவர்போல.

அப்போதுதான் அந்த இடம் வந்தது.
குமாஸ்தா கேட்கிறான்: எங்கே போயிருந்தாய்?
அவள் தண்ணீர் குடிக்கிறாள்.
கண்ணாடி டம்ளரை மெல்லக் கீழே வைக்கிறாள்.
வைத்த டம்ளரையே பார்க்கிறாள்.
விசில் நின்றது. பீடி இருமல் நின்றது.
ஆண்பிள்ளை கேட்ட கேள்வி
அப்படியே அந்தரத்தில், கொக்கியில் மாட்டிய சரக்காக,
இறக்க ஆளில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது.
மடியிலிருந்த வசவில் ஒன்றுகூட
எனக்கு நினைவு வரவில்லை.

பிறகு திரும்பி நடந்து போகிறாள்.
ஆண்கள் எல்லாரும் எதைப் பார்த்தார்களோ தெரியாது,
நான் செருப்பைப் பார்த்தேன்.
உயரக் குதிகால், பின்வாருக்கு அடியில்
சின்னதாக ஒரு பிளாஸ்திரி.
நாள் முழுக்க நின்ற கால்.
அது எனக்குத் தெரியும்.
நாற்பத்தோரு தடவையில் லாசர் அதைப்
பார்த்திருக்கவே மாட்டார்.

முடிவில் அவளைச் சுட்டுவிடுகிறார்கள்.
குமாஸ்தா திருந்திவிடுகிறான்.
பெண்கள் பக்கம் ஒருத்தி "ஒழிஞ்சா" என்றாள்.
நான் கொடி காட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

ராத்திரி எட்டு மணிக்கு லாசர் வந்தார்.
"மத்தியானம் எங்க போயிருந்த?
கூடைய கவுத்துட்டுப் போய்ட்டியாம்,
பக்கத்துக் கடை எஸ்தரு சொல்லுச்சு."

நான் தண்ணீர் குடித்தேன்.
டம்ளரைக் கீழே வைத்தேன்.
எங்களுடையது அலுமினியம், அடி நசுங்கியது,
நேராக நிற்காது. கடகடவென்று ஆடி
ஒரு பக்கமாகச் சாய்ந்து அடங்கியது.
அடங்கும்வரை அதையே பார்த்தேன்.

"பிலோமி?"

துறைமுகத்தில் சங்கு ஊதியது.
வாசற்படியில் ஒரு காலை வைத்தபடியே
நின்றார். செகண்ட் ஷோவுக்குக்
கிளம்புகிற சட்டையைப் போட்டிருந்தார்.
"ஏன்டி, இன்னா ஆச்சு?"

வெள்ளிக்கிழமை படம் மாறுகிறதாம், மஸ்தான் சொன்னார்.
இன்னும் மூன்று மேட்னி இருக்கிறது.
நாளைக்குக் காரப்பொடி எடுக்கப் போவதில்லை.
சீக்கிரம் விற்றுத் தீர்கிற மீனாக
ஏதாவது பார்க்க வேண்டும்.