இழுகயிறு

செவ்வாய் இரவு பதினொன்று இருபதுக்கு
என் மஞ்சள் கவுன் காணாமல் போனது.
மேஜைமேல் இருக்கிறது. பெட்டிகளில் இருக்கிறது,
முந்நூற்றுப் பன்னிரண்டு.
திரையில்தான் இல்லை.
அது நின்ற இடத்தில் ஒரு சாம்பல் கட்டம்,
அடியில் ஆங்கிலத்தில் நாலு வரி.

போன் தமிழாக்கித் தந்தது:
உங்கள் பட்டியல் அகற்றப்பட்டது.
குழந்தை ஆடை. கழுத்துப் பகுதி. இழுகயிறு.
நெரிக்கும் அபாயம்.
தெலுங்கிலும் போட்டுப் பார்த்தேன்,
அதிலாவது கொஞ்சம் தணிந்து சொல்லுமா என்று.
நகரியில் எதையும் இரண்டு தடவை கேட்போம்.
தெலுங்கு இன்னும் கறாராக இருந்தது.

நெரிக்குமாம்.
எங்கள் தெருத் தறியில் இறங்கிய துணி,
எதிர்வீட்டில் முக்கிய சாயம்.
கயிற்று நுனியில் இரண்டு பக்கமும் குஞ்சம்,
ரோஜாரமணி கட்டித் தந்தது, ஒன்றுக்கு நாற்பது பைசா.
அந்தக் குஞ்சத்துக்காகத்தானே வாங்கினார்கள்!
நாலு புள்ளி மூன்று நட்சத்திரம்
சும்மாவா வரும்?

மேல்முறையீடு என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன்.
ஆய்வுக்கூட அறிக்கை கேட்டது, ஐந்து எம்பிக்குள்.
என்னிடம் இருந்தது ஜிஎஸ்டி எண்,
ஆதார், பின்னால் திருத்தணி முருகன் தெரிகிற
கடையின் போட்டோ.
முருகனும் ஐந்து எம்பிக்குள் அடங்கினான்.
ஏற்கவில்லை.
சாட்டில் வந்தது ஆளா இயந்திரமா தெரியாது.
"உங்கள் சிரமம் புரிகிறது" என்று
மூன்று தடவை புரிந்துகொண்டது.

காலையில் பள்ளிப்பட்டிலிருந்து
முனிரத்தினம் மொபெட்டில் வந்தான்.
"மொத்தத்தையும் குடுக்கா. சோளிங்கர் சந்தைல
எவன் ரூல் பாக்கறான்? பீஸுக்கு நூத்திப்பத்து."
உண்மைதான்.
நடுவில் இருக்கும் செக்போஸ்டில்
மணலைப் பார்ப்பார்கள், சாராயத்தைப் பார்ப்பார்கள்,
கழுத்தைப் பார்க்க மாட்டார்கள்.
முப்பத்து நாலாயிரத்து முந்நூற்று இருபது.
சாயக்காரருக்குப் போக
இரண்டு மாச வட்டிக்கு வரும்.
"எண்ணி வைக்கிறேன், சாயங்காலம் வா."

எண்ணும்போதுதான் தோன்றியது,
யார் போட்டுக் கொடுத்தது என்று பார்க்கலாமே.
கோபமாகத்தான் தேடினேன்.
'கலர் சூப்பர்', 'டெலிவரி லேட்' என்ற இரண்டுக்கும் நடுவில்
ஒற்றை நட்சத்திரம். அஸ்ஸாமில் ஏதோ ஓர் ஊர்.
இந்தியில் எழுதியிருந்தாள்:
தொட்டில் கொக்கியில் கயிறு மாட்டிக்கொண்டது.
நான் பக்கத்தில் இருந்தேன்.
அவ்வளவுதான்.
திட்டு இல்லை. படம் இல்லை.
பணத்தைத் திருப்பிக் கேட்கவும் இல்லை.

தமிழ் தப்பாக இருக்குமோ என்று
தெலுங்கிலும் போட்டுப் பார்த்தேன்.
அதிலும் அவள் பக்கத்தில் இருந்தாள்.

கத்தரிக்கோலை எடுத்தேன். நல்லவள் என்பதால் இல்லை.
கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.
கயிற்றை உருவினால் போதாது,
ஓட்டை இரண்டையும் தைத்து மூடவேண்டும்.
முனிரத்தினம் ஹாரன் அடித்தபோது
முடிந்திருந்தது நாற்பத்தொன்று.
அவன் ஒன்றைத் தூக்கி இப்படியும் அப்படியும் பார்த்தான்.
"மூளியா இருக்கே. இது எண்பதுக்குக்கூடப் போகாது.
மீதியையாவது அப்படியே குடு."
கொடுக்கவில்லை.
கொடுக்காததற்குக் காரணமும் சொல்ல வரவில்லை.
"அப்ப அறுபது" என்று சொல்லிவிட்டுக் கிளப்பினான்.

விளக்கு வைத்தபின் ரோஜாரமணி வந்தாள்.
தரையில் தன் குஞ்சங்கள் குவிந்து கிடப்பதைப் பார்த்தாள்.
ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து
இன்னொரு கத்தரிக்கோல் கேட்டாள்.
பத்துப் பதினைந்து ஆனபின்,
"அவுக்கறதுக்கும் நாப்பது பைசா உண்டா?"
உண்டு என்றேன்.

தைத்தது ஐந்நூறு.
முந்நூற்றுப் பன்னிரண்டு எங்கள் மடியில்.
மீதி நூற்றெண்பத்தெட்டும் விற்றுப்போனவை.
வாங்கியவர் பெயரைக் கம்பெனி காட்டாது,
போன் நம்பர் காட்டாது.
பின்கோடு மட்டும் வரிசையாக இருக்கிறது.
ஒவ்வொன்றாக மேலே தள்ளிக்கொண்டிருக்கிறேன்,
அந்த ஆறு எண்ணுக்குள்
யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா என்று.